அழிப்பதற்காகப் பாடிய குரல்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிக் கேள்வியில் தொடங்கியது. கேட்டவர் மிசொக். ஒருகாலத்தில் கொரியாவில் பெயர்பெற்ற பாடகி. இப்போது சியோலில் சின்னதொரு பாட்டு நிறுவனத்தின் முதலாளி. என் மகள் அனோஜினி இறந்தபின் வந்த முதல் வசந்தத்தில் அழைத்தார்.

"உங்கள் மகளின் குரலை வைத்திருக்கலாமா, அழித்துவிடவா?"

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "மொன்றியலில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்த…" (வேண்டாம். இங்கே எல்லாக் கதையிலும் பனி கொட்டுகிறது.)

இரண்டாவது: "அனோஜினி உலகப்புகழ் பெற்ற…" (பொய். மொன்றியலின் வில்லரேயில் எங்கள் வீட்டு உடுப்பு அலமாரிக்குள் நின்று பாடியவள். உடுப்புகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம்.)

அவள் பாடி மிசொக்கின் நிறுவனத்துக்கு இணையத்தில் அனுப்பியது 'கைட்'. கொரியப் பாட்டுகளில் பிரபலம் பாடுமுன் இன்னொருத்தி மெட்டைப் பாடிக்கொடுப்பாள். எங்கே மூச்செடுப்பது, எங்கே குரலை உடைப்பது என்று பிரபலம் அதைக் கேட்டுத்தான் பழகுவார். வரிகள் அப்போது எழுதப்பட்டிரா. வாயில் வந்ததைப் பாடலாம். அவள் கடைசியாகப் பாடியதில் "கத்தரிக்காய் கருகுது, அம்மா ஓடி வா" என்று வருகிறது. வேலை முடிந்ததும் கைட்டை அழித்துவிடுவார்கள். அதுதான் வழக்கம்.

3

மிசொக்கைப் பேராசைக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவர் சொன்னது வேறு. "மேடையில் நான் விட்ட மூச்செல்லாம் யாரோ ஒருத்தியுடையது. அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. சொந்தமாக நிறுவனம் தொடங்கியதே…"

(அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கமாட்டேன்.)

அனோஜினியின் பெயரைப் போட்டு, அவள் குரலைப் பல்லவிக்குக் கீழே மெல்லியதாக விட விரும்பினார். நாங்கள் சம்மதித்தால் மட்டும்.

4

இதுவரை எழுதியதை என் மனைவி ஜெகதீஸ்வரி வாசித்தாள்.

"என்னப்பா, கத்தரிக்காயையும் எழுதி வைச்சிருக்கிறியள்?"

"நடந்ததுதானே."

"அடுப்பைப் பாக்கச் சொன்னது உங்களிட்டை. அதையும் எழுதுங்கோ."

இருவரும் சிரித்தோம். அந்தத் துணிவில் சொன்னேன்: "பாட்டில விடுவமப்பா. அவளின்ர பெயரோட எத்தினை பேர் கேப்பினம்."

"நீங்கள் வேணுமெண்டால் போட்டுக் கேப்பியள். எனக்கு அது சொல்லாமல் வரும். மூலைக்கடை டெப்பானரில பால் வாங்கேக்கை அவள் பாடினா, நான் என்னெண்டு வீட்டை வாறது?"

 

5

கதைக்கு ஒரு முடிவு: சம்மதித்தோம். (ஜெகதீஸ்வரியை நான் வென்றதுபோல் இருக்கிறது.)

இன்னொன்று: அழிக்கச் சொன்னோம். (இதற்கு அடுத்த வாக்கியம் வர மறுக்கிறது.)

நேற்று மிசொக் மறுபடி அழைத்தார். நான் வாயைத் திறக்குமுன் ஜெகதீஸ்வரி போனை வாங்கினாள். "ஓம், நான்தான் அவளின்ர அம்மா" என்று தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்து அடுப்பைப் போட்டாள். என்ன சொல்லி முடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

பாட்டு வெளிவந்ததும் நீங்கள் முதலில் கேளுங்கள். பல்லவிக்குக் கீழே இன்னொரு குரல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றே இருக்கட்டும்.