நடந்து போன வாழை

திருப்பனந்தாள் வட்டாரத்தில் துரைக்கண்ணுவின் வாழைக்கு மட்டும் கால் உண்டு. வருஷத்துக்கு ஒரு முழம் கிழக்கே நடக்கும். மழைக்காலத்தில் நடை கொஞ்சம் வேகம் என்றும், ஆள் பார்த்தால் நின்றுவிடும் என்றும் டீக்கடையில் சொல்வார்கள்.

நடக்கவைத்தது துரைக்கண்ணுதான். தார் வெட்டியதும் அடிமரத்தைச் சுற்றி முளைக்கும் கன்றுகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழிப்பது வழக்கம். அவர் எப்போதும் கிழக்குக் கன்றையே விடுவார். கிழக்கே அம்சம் என்பவளின் நிலம். மிராசுதாரின் நிலத்தை உச்சவரம்புச் சட்டம் பிரித்தபோது பட்டா வாங்கியவள். அவளும் வாழைதான் போட்டிருந்தாள். பழம் வீட்டுக்கு, நார் கும்பகோணத்துப் பூக்கடைகளுக்கு. நேற்றுவரை நடவுக்கு வந்தவள் இன்று 'அண்ணே' என்று கூப்பிட்டது துரைக்கண்ணுவுக்குத் தொண்டையில் முள். வாழை வரிசைதான் எல்லை. வாழை நடந்தால் எல்லையும் நடக்கும்தானே?

அவள் கேட்டபோதெல்லாம், "மரம் போவுது, நான் என்னத்த செய்ய?" என்பார்.

அந்தத் தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். பந்தல் வாசலில் கட்ட, அந்த வரிசையிலேயே தாரோடு இரண்டு மரம் பார்த்து வைத்திருந்தார். முந்தின வாரம் அம்சத்தின் மனுவுக்காக சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மண்ணில் புதைந்திருந்த எல்லைக்கல் அகப்பட்டது. மொத்த வரிசையும், தாரும் பூவுமாக, அம்சத்தின் நிலத்தில் நின்றது.

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மற்ற மரங்களில் தார் பிஞ்சு. சந்தையில் வாங்கினால், வாழைக்காரன் வீட்டுக்கு விலைக்கு வாங்கின வாழையா என்று சம்பந்தி கேட்பார். அம்சத்திடம் கேட்கவோ நாக்கு எழவில்லை.

முகூர்த்தத்தன்று விடியலில் வாசலுக்கு வந்தவர் திகைத்து நின்றார். அம்சமும் அவள் புருஷன் வீரையனும் தாரோடு இரண்டு மரங்களை நிறுத்தி, பந்தல்காலோடு வாழைநாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன் மரத்த எதுக்கும்மா வெட்டுன?"

"மரந்தான் ஒங்க பொண்ணு கல்யாணத்தப் பாக்கணும்னுச்சு அண்ணே. இத்தன வருஷம் நடந்ததுல காலு வலியாம். அதான் தூக்கிட்டு வந்தோம்," என்றாள் அம்சம். "முடிஞ்சதும் மரத்த மட்டும் குடுத்துருங்க. நாரு கிழிக்கணும்."

முதலில் சிரித்தவர் துரைக்கண்ணுதான். முதல் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்திலேயே இருவரையும் உட்காரவைத்து, தன் கையால் இலை போட்டார். பிறகு ஊர் கேட்கச் சொன்னார்:

"அடுத்தவங்க வரப்பை ஒரு முழம் தள்ளுனா நம்ம மரியாத ஒரு காதம் போயிடுதுய்யா. அவங்க அவங்க மண்ணுல அவங்க அவங்க நிம்மதியா நிக்கட்டும். அப்பத்தான் நம்ம பந்தலும் நிக்கும்."