கிளிப்பச்சைப் பாவாடை

பிரவீனா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். கொரோனா விடுமுறையில் பொழுது போகாமல் ஒரு பழைய சேலையைக் கிழித்துத் தடித்த காடாத் துணியின் மேல் வைத்துத் தைத்துப் பார்த்தாள். அதிலிருந்து பழக்கம் தொற்றிக்கொண்டது. கிழிந்த ஜரிகை, டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்த வேட்டித் துண்டு, பஸ் டிக்கெட், கெட்டுப்போன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, பொத்தான்கள், தேதித் தாள்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் துணியோடு சேர்த்துத் தைப்பாள். மேலே பெயிண்ட் பூசுவாள். சில இடங்களில் விளிம்பை மெழுகுவர்த்தியில் காட்டிக் கருக்குவாள்.

கணவன் சிவக்குமார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவான். வீட்டுக்கு வரும்போது மேசையைப் பார்த்து, “எனக்குத் தட்டு வெக்கறதுக்காச்சும் எடம் உடுவியா?” என்று சிரிப்பான். பிறகு ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

பின்பக்கத்துச் சிறிய வீட்டில் ஷாலினியும் அவள் கணவன் வளவனும் குடியிருந்தார்கள். வளவன் அச்சகத்தில் வேலை. ஷாலினி வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். இருபத்தி நாலு வயது. அப்பா அம்மா இல்லை என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். பிரவீனா மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. வெட்டித் தள்ளிய துணிகளை ஒரு பையில் போட்டு வாரம் ஒருமுறை ஷாலினி கொண்டுவந்து தருவாள். பேசிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்திரிக்கோல் பக்கத்தில் இருந்தாலும் பல்தான்.

போன ஆவணியில் அந்தப் பையோடு ஒரு பாவாடையையும் கொண்டுவந்தாள். கிளிப்பச்சை நிறம். கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டு. ஒட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் புளிய இலைகளாகச் சிவப்பு நூலில் தையல்.

“இது நல்லாத்தானே இருக்கு. இதையேன் எனக்குத் தர்றே?”

“வெட்டிருங்க அக்கா. முழுசாப் பாத்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்குது.”

பிரவீனா அதைப் பதினொரு துண்டாக வெட்டினாள். ஒட்டுப் போட்ட பகுதியை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. நான்கடி உயரத்தில் ஒரு படம் செய்தாள். மண் நிறப் பின்னணியில் பச்சைத் துண்டுகள், குறுக்கே ஓடும் செம்புக் கம்பி, நடுவில் அந்த மஞ்சள் ஒட்டு. அதுவரை அவள் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று அவளுக்கே தோன்றியது.

தை மாதத்தில் பெண்கள் குழு ஒன்று கைவேலைக் கண்காட்சி வைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சிறிய அறை. கீழே பெரிய ஹாலில் யாருக்கோ காதுகுத்து. விருந்துக்கு வந்தவர்களில் சிலர் பந்திக்கு இடம் கிடைக்கும்வரை மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “இது வெறும் கிழிசல்தானே” என்று ஒருவர் பிரவீனாவின் காதுபடவே சொன்னார். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தனியாக வந்தார். பட்டுச்சேலை, காதில் கல் கம்மல். மற்ற படங்களைக் கடந்துவந்து பச்சைப் படத்தின் முன் நின்றார். நின்றவர் நகரவில்லை. பிரவீனா எழுந்து பக்கத்தில் போனபோது அவர் விரல் அந்த மஞ்சள் ஒட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“இந்தத் துணி உங்களுக்கு எங்க கெடச்சுதுங்க?”

படத்தை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில் பிரவீனாவுக்கு மகிழ்ச்சி. “எங்க ஊட்டுக்குப் பின்னால குடியிருக்கற பொண்ணு குடுத்துச்சுங்க. அதோட பழைய பாவாடை.”

“என்ன பேரு அந்தப் பொண்ணுக்கு?”

“ஷாலினிங்க.”

அம்மாளின் முகத்தில் ஏதோ அணைந்தது. “அப்படீங்களா” என்றார். ஆனால் விரலை எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “இது நான் போட்ட ஒட்டுங்க. சைக்கிள் செயின்ல மாட்டிக் கிழிச்சுட்டு வந்தா. அவங்கப்பா துண்டுல வெட்டி வெச்சுத் தெச்சேன். மூலைக்கு மூணு தையல். பாருங்க.”

பிரவீனா பார்த்தாள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று தையல் இருந்தது. மாதக்கணக்கில் அந்தத் துணியைக் கையில் வைத்திருந்தும் அதை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

“உங்க பொண்ணு யாருக்காச்சும் குடுத்திருப்பாங்களோ என்னமோ” என்றாள்.

“எம் பொண்ணு செத்து மூணு வருசமாச்சு அம்மிணி. ஒரு பையனோட போயி, கோயம்புத்தூருல மருந்தக் குடிச்சுட்டா. அவங்கப்பாவும் அண்ணனும் போனாங்க. போலீஸே எரிச்சுட்டாங்கன்னு மொட்டையடிச்சுட்டு வந்தாங்க. நான் மொகத்தக்கூடப் பாக்கல.” ஒரு மூச்சு விட்டு, “போறப்ப இந்தப் பாவாடையத்தான் பையில வெச்சுட்டுப் போனா” என்றார்.

அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொண்ணுக்கு எடது காதுக்குக் கீழ மச்சம் இருக்குதுங்களா?”

இருந்தது. மிளகு அளவில் இருந்தது. பிரவீனா தலையை ஆட்டினாள்.

“நூலப் பல்லுல கடிப்பாளா?”

“ஆமாங்க.”

அம்மாள் படம் தொங்கிய சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரவீனா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், வெள்ளை வேட்டி சட்டையில், வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, பந்தியில எடம் புடிச்சாச்சு. இங்க என்ன பண்றீங்க? ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?”

பிரவீனா அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த நொடியில் அம்மாளின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வளையல் நெரிந்து தோலில் பதிந்தது.

“தல சுத்துச்சு கதிர்வேலு. இந்த அம்மிணிதான் தண்ணி குடுத்துச்சு. நீ போ சாமி, வாரேன்.”

அவன் போகவில்லை. அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தான், அவனுக்கு அது வெறும் துணி. அம்மாள் தடுமாறுவதுபோல் பிரவீனாவின் தோளில் சாய்ந்து காதருகில் சொன்னார்: “உங்க நம்பர் குடுங்க. நாளானிக்கு நான் மட்டும் வாரேன். இவங்களுக்குத் தெரியக் கூடாது.” மகன் படிப்பக்கம் திரும்பியபோது பிரவீனா நம்பர் எழுதிய தாளை அவர் கைக்குள் வைத்தாள்.

அவர்கள் இறங்கிப் போனபின்தான் அந்த மணிக்கட்டுப் பிடிக்கு என்ன அர்த்தம் என்று பிரவீனாவுக்கு உறைத்தது. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படத்தைக் கழற்றி, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள்.

ஷாலினி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பிரவீனா நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே மெஷின் நின்றது.

“எங்க குடியிருக்கேன்னு சொல்லிட்டீங்களா அக்கா?”

“பின்னாடி ஊடுன்னு சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்...”

ஷாலினி எழுந்து வளவனுக்குப் போன் செய்தாள். “உடனே வா. ஊட்டுல கண்டுபுடிச்சுட்டாங்க” என்றாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கொடியில் காய்ந்த துணிகளை மடிக்காமலே உள்ளே போட ஆரம்பித்தாள். பிரவீனா அவள் கையைப் பிடித்தாள்.

“உங்கம்மா தனியாத்தான் வாரேன்னாங்க ஷாலினி. உங்கண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

“எம் பேரு ஷாலினி இல்ல அக்கா. தனப்பிரியா. இவரு வேற சாதி. எங்கண்ணன் ரெண்டு வருசம் எங்களத் தேடுனான். எதுக்குன்னு நெனைக்கறீங்க? கூட்டிட்டுப் போயி விருந்து வெக்கவா?” கையை உருவிக்கொண்டு கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தாள். “எங்கம்மாவுக்கும் நான் வேண்டாம். அங்கிருந்து வந்த ஒரு மாசத்துல போன் பண்ணுனேன். அண்ணன்தான் எடுத்தான். அம்மாகிட்டக் குடுன்னேன். அம்மா உன் குரலக் கேக்கக்கூட விரும்பலேன்னான்.”

“நீ செத்துட்டேன்னு நெனச்சிருக்காங்க அவங்க.”

தனப்பிரியா கையில் இருந்த துண்டைக் கீழே போட்டாள். “என்ன சொல்றீங்க?”

“மருந்து குடிச்சு செத்துட்டேன்னு சொல்லியிருக்காங்க. மொட்டையடிச்சுக் காரியம் பண்ணியிருக்காங்க. மூணு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காங்க உங்கம்மா.”

அவள் அழவில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். வளவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் அப்படியேதான் இருந்தாள். அவன் விவரம் கேட்டுவிட்டு, இன்றே கிளம்பலாம் என்றான். ஓசூரில் அவன் நண்பன் தனசேகர் இருந்தான். தனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளானிக்குப் பொறவு போலாம். என்ன ஆனாலும் சரி.”

அந்த இரண்டு நாளும் அவர்கள் பிரவீனாவின் வீட்டில் தங்கினார்கள். பின்வீட்டுக்குப் பூட்டு. போனில் விஷயம் கேட்ட சிவக்குமார், “கதவத் தொறக்கறதுக்கு முன்ன யாருன்னு பாத்துட்டுத் தொற” என்று மட்டும் சொன்னான்.

வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பிரவீனாவிடம் போனில் வழி கேட்டுக்கொண்டு, சௌந்திரம் வந்தார். அதுதான் அந்த அம்மாளின் பெயர். பிரவீனா ஜன்னல் வழியாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். சௌந்திரம் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். துணி குவிந்து கிடந்த மேசைக்குப் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

நேராகப் போய்க் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிரவீனா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். அடுத்த நொடி அதே கையால் மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“மூணு வருசம்டி. மூணு வருசம். பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“போன் பண்ணுனேம்மா. நீ பேசமாட்டேன்னுட்டீன்னு அண்ணன் சொன்னான்.”

சௌந்திரம் மகளை விலக்கி முகத்தைப் பார்த்தார். “எப்ப?”

“மாசி கடைசியில.”

“மாசி பதினஞ்சுக்கே உனக்குக் காரியம் முடிஞ்சுருச்சே” என்றார் அவர். சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் அவருக்கே கேட்டன போலிருந்தது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். “அப்ப கதிர்வேலுக்கு நீ இருக்கறது தெரியும். உங்கப்பாவுக்கும் தெரியும். கூடவே உக்காந்து சோறு தின்னாங்களே!”

கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். தனப்பிரியாவின் கல்லூரி அடையாள அட்டைப் படம், தோற்றம், மறைவு, கீழே குடும்பத்தார் பெயர்கள். மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. தனப்பிரியா அதை வாங்கி மறைவு தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அன்னைக்குப் பவானியில இருந்தோம்” என்றாள் வளவனிடம். “கூடுதுறையில. நீ படிக்கட்டுல வழுக்கி உழுந்தியே, நான் சிரிச்சனே.”

பிரவீனா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்த நாளே அவளுக்குச் சாவுத் தேதியாக அச்சாகியிருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் அது மனதில் உட்காரவில்லை.

இரண்டு மணி பஸ்ஸுக்கு சௌந்திரம் எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று மகளைக் கேட்கவில்லை. “எனக்கு ஊரு பேரு சொல்லாத சாமி. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே தெரிஞ்சுரும். இந்த அம்மிணிகிட்ட அப்பப்பப் பேசு. நான் இவங்களக் கேட்டுக்கறேன்” என்றார். வளவனின் முன் ஒரு கணம் நின்றார். அவன் கைகூப்பினான். “அவளுக்குக் காலையில பசி தாங்காது” என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அன்று மாலையே இருவரும் ஓசூருக்குப் புறப்பட்டார்கள்.

பிரவீனா ஒரு மாதம் ஊசியைத் தொடவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களின் துணிகளை இத்தனை நாள் என்ன துணிச்சலில் வெட்டினோம் என்று இருந்தது. தெருவில் பைக் நின்றாலே ஜன்னலுக்குப் போனாள். யாரும் வரவில்லை.

மாசி பிறந்து ஒரு சாயங்காலம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. சௌந்திரம்.

“கண்ணு, இன்னிக்கு அவளுக்குத் திவசம்னு உறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்தாங்க. என்னையச் சமைக்கச் சொன்னாங்க. உசுரோட இருக்கறவளுக்கு நான் படைக்கமாட்டேன்னுட்டேன். எல்லாத்துக்கும் முன்னாலதான் சொன்னேன்.”

“ஐயோ, உங்க ஊட்டுக்காரரு என்னங்க சொன்னாரு?”

“யாரு சொன்னான்னு கேட்டாரு. மூணு வருசமா நீங்கதான் பொய் சொன்னீங்க, இனி நான் எதுவுஞ் சொல்லமாட்டேன்னேன். வந்தவிங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. கதிர்வேலு வண்டிய எடுத்துட்டுப் போனவன் இன்னும் வரல. அவிங்களப் பத்தரமா இருக்கச் சொல்லுங்க.” குரல் நடுங்கவில்லை. “அவ போட்டோவுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டிருந்தாங்க. மாலையக் கழட்டிப்போட்டு, பொட்ட ஈரத்துணியில தொடச்சுட்டேன்.”

“அவரு தடுக்கலீங்களா?”

“பாத்துட்டே உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரங்கழிச்சு, அவளுக்குக் கொழந்த கிழந்த இருக்குதான்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்.”

பிரவீனா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். மறுமுனையில் மாடு கத்தும் சத்தம் கேட்டது. “பாலு கறக்கோணும், வெக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு சௌந்திரம் போனை வைத்தார். பிரவீனா உடனே ஓசூருக்கு அழைத்தாள்.