கஸ்பர் ரைனர் காலடியில் பனி தங்காது

கஸ்பர் ரைனர் நின்ற இடத்தில் பனி தங்காது. சுற்றி மூன்றடிக்கு உருகி, போன வருஷத்துப் புல் தெரியும். கொலராடோ மலையில் பனிச்சறுக்குக்கென்றே ஓர் ஊரை உண்டாக்கிய மனுஷனால் பத்தடி சறுக்க முடியவில்லை. ஆறு குளிர்காலமாக விடுதி வாசலில் ஈர ஷூவோடு நின்றுதான் விருந்தாளிகளை வரவேற்றார். ஊரார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. சாலை அடைத்துக்கொண்டால், "கஸ்பரை முன்னால விடுங்கப்பா, லாரி பின்னாலயே வரட்டும்" என்பார்கள். அவரும் தலைகுனிந்துகொண்டு நடப்பார்.

ஆஸ்திரிய மலைநாடான டிரோலிலிருந்து அவர் வந்து இறங்கியபோது அங்கே இருந்தது மூடிய வெள்ளிச் சுரங்கமும் பதினோரு வீடும்தான். சுரங்கத்தில் வேலை போன ஓரன் பிக்கெட்தான் கூட்டாளி. இருவருமாகப் பழைய லாரி எஞ்சினில் கயிற்றைக் கட்டி, சறுக்க வந்தவர்களை மேலே இழுத்தார்கள். பீர் குடிக்கும்போது கஸ்பர் தன் ஊர் வழக்கத்தைப் பெருமையாகச் சொல்வார்: வீடுகளுக்கு மேலே நிற்கும் காட்டில் கோடரி படக்கூடாது, சரியும் பனியைப் பிடித்து வைப்பதே அதுதான், ஒரு கிளையை ஒடித்தவன்கூட பூசை முடியும்வரை மாதா கோயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பிறகு டென்வரிலிருந்து பணக்காரர்கள் வந்தார்கள். நேரான, அகலமான சரிவு இல்லையென்றால் வேறு மலை பார்க்கிறோம் என்றார்கள். ஊருக்கு மேலிருந்த காட்டை வெட்டச் சொன்னார் கஸ்பர்.

ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரன் கேட்டார். "இது உங்க ஊர்ல தொடக்கூடாதுன்னு சொன்ன மாதிரிக் காடுதானே?"

"இந்த ஊர்ப் பனி வேற, ஓரன். நீ வெட்டு."

காட்டை வெட்டிய மூன்றாம் குளிர்காலத்தில் பனி மொத்தமாகச் சரிந்தது. எஞ்சின் கொட்டகையோடு ஓரன் போனார். அடக்கத்தில் பாதிரியார் கடவுள் சித்தம் என்றார், கஸ்பர் தலையாட்டினார். அப்போதுதான் முதல்முறையாக அவர் காலடியில் பனி இளகியது.

ஓரனின் மனைவி டெல்லாவுக்கு விடுதியில் சமையல். ஆறு வருஷம் அவள் வைத்த சூப்பை அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தார் கஸ்பர். ஒரு பிப்ரவரிக் காலையில் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தார். அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டெல்லா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "மரம் வெட்டின அன்னைக்குச் சாயங்காலமே ஓரன் சொல்லிட்டார். தெரிஞ்சேதான் வெட்டச் சொல்றான்னார்."

"தெரிஞ்சுமா எனக்குச் சாப்பாடு போட்டே?"

"நீங்களா வாயைத் திறக்க எத்தனை வருஷம் ஆகுதுன்னு பார்த்தேன்."

கஸ்பருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. சொல்லிவிட்டால் பனி தங்கும் என்று ஒரு நப்பாசை வேறு இருந்திருக்கிறது. அதை நினைத்து இன்னும் கூசிப்போனார். வெளியே வந்தால் வட்டம் ஆறடியாகியிருந்தது. டெல்லா கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"கல்லறைக்குப் போகணும். இடுப்பளவு கிடக்கு. முன்னால நடங்க."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான். ஓரனின் கல் வேலியோரம் இருக்கிறது. டெல்லா உள்ளே போவாள். கஸ்பர் உள்ளே போவதில்லை, அவளும் கூப்பிடுவதில்லை. அவள் திரும்பி வரும்வரை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பார். அதுவரை அந்தக் கல்மேல் பனி இருக்காது.