பன்னெண்டாம் பக்கத்துல ரெண்டு எழுத்தைக் காணோம்

1

இந்தக் கதை ஒரு பென்சில் டப்பாவுலேருந்து வந்துச்சு. முதல்லயே சொல்லிடறேன், நான் உக்காந்து மண்டையக் கசக்கிக் கண்டுபிடிச்சதெல்லாம் ஒண்ணுமில்ல. டப்பாக்குள்ள ரெண்டு பென்சில், கடிச்சு வெச்ச ரப்பர், பதினோரு மாத்திரை. எல்லாம் வெள்ளை, உருண்டை. ஒவ்வொண்ணையும் துண்டுப் பேப்பர்ல சுத்தி, பேப்பர் மேல பென்சிலால பல்லு வரைஞ்சு வெச்சிருந்துச்சு.

கோவத்துலதான் எழுதறேன். கோவத்துல எழுதுனா கதை கோணிக்கும்பாங்க. கோணிட்டுப் போகட்டும்.

2

தொடக்கம் மூணு தடவ எழுதுனேன்.

"ஓர் ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கு ஆறு வயதில்

வேணாம். ஆறு வயசு தையல்காரிக்கா, அவ பொண்ணுக்கா? பாதியிலயே குழம்புது. எழுத்துத் தமிழ் எனக்கு எப்பவும் வழுக்கும்.

"மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்

மழையே பெய்யல. நல்லா சுள்ளுன்னு வெயில்.

சரி, இப்படி: எங்க மாடி வீட்டுத் தையல்காரி அன்னைக்கு ஸ்கூல் யூனிஃபார்முக்கு காலர் வெச்சிட்டிருந்தா. வாய்ல நாலு குண்டூசி. பக்கத்துல அவ பொண்ணு, நாங்கல்லாம் வாலுன்னு கூப்புடுவோம், தட்டுல கீரை சாப்ட்டுட்டிருந்துச்சு. தையல்காரியால நம்பவே முடியல. கீரையக் கண்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்கற பொண்ணு, "இன்னும் வைம்மா"ன்னு தட்டை நீட்டுது!

"என்னடி, வயித்துக்குள்ள ஆடு கீடு வளக்கறியா?"

"கீரை தின்னா மருந்து வேணாம்மா. புக்குல போட்டிருக்கு."

குண்டூசி வாயோட தையல்காரி "உம் உம்"னு தலையாட்டினா. சந்தோஷம் அவளுக்கு. காலர் நேரா வந்துச்சாங்கறதுதான் அந்த நிமிஷம் அவளுக்குப் பெருசு.

(இந்தத் தலையாட்டல எடுத்துடலாமான்னு அவகிட்டயே கேட்டேன். "இருக்கட்டும் பெரிம்மா. நான் ஆட்டுனேன்ல, எழுதுங்க"ன்னுட்டா.)

வாலுக்கு ஃபிட்ஸ் வரும். காலைல ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. ரெண்டு வருஷமா ஒரு தடவகூட வரல, அந்த மாத்திரை புண்ணியத்துல. அம்மா குடுப்பா, வாலு வாய்ல போட்டு தண்ணி குடிக்கும். அதுல என்ன புதுசா பாக்கறதுக்கு இருக்குன்னு தையல்காரி திரும்பிடுவா. கன்னத்துல ஒதுக்கி வெச்ச மாத்திரை பென்சில் டப்பாவுக்குப் போனது அவளுக்கு எப்படித் தெரியும்?

3

இப்ப இந்தக் கதைக்குள்ள ஒரு எழுத்தாளர் வரணும். கண்ணாடி போட்ட, ஒல்லியா, வயசான ஒரு ஆளுன்னு வெச்சுக்குவோம். சின்னப் புள்ளைங்களுக்குப் படம் போட்ட புக்கு எழுதறவர். அவர்கிட்ட ஒரு பதிப்பகத்துலேருந்து கேக்கறாங்க: சத்தான சாப்பாட்டப் பத்தியும் இருக்கணும், போதை வேணாம்னும் இருக்கணும், எல்லாம் பன்னெண்டு பக்கத்துக்குள்ள. கேரட்டும் போதையும் ஒரே அட்டைக்குள்ள! ரெண்டு புக்கு போட அவ்வளவு சோம்பேறித்தனம்.

அவரும் எழுதிக் குடுத்தாரு. பதினோரு பக்கத்துக்குக் கேரட், பழம், பால், கீரை. பன்னெண்டாம் பக்கத்துல: "போதை மருந்தைத் தொடாதே! கீரையைத் தின்று வலுவாய் இரு!" படத்துக்கு ஊசி போடலாம்னாரு.

அங்க புக்கைத் திருத்தறவன் ஒருத்தன் இருக்கான். அவன் பேரு எதுக்கு? கத்திரின்னே வெச்சுக்குங்க. அவன் சொன்னான், "ஆறு வயசுக் கொழந்தைக்குப் போதைன்னா என்னன்னு யாரு சார் விளக்கறது? அசிங்கமான வார்த்தை. பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க." வெட்டிட்டான். ஊசியும் பயமுறுத்துமாம். அதுக்குப் பதிலா ஒரு வெள்ளை மாத்திரைக்குப் பல்லு வெச்சு வரையச் சொன்னான்.

மிச்சம் என்ன நின்னுச்சு? நீங்களே படிங்க.

"மருந்தைத் தொடாதே! கீரையைத் தின்று வலுவாய் இரு!"

ரெண்டே எழுத்து. போ, தை. அதை எடுத்தா விஷத்துக்குப் பேரு மருந்துன்னு ஆயிடுது பாருங்க. நம்ம பாஷையில ரெண்டையும் ஒரே வார்த்தையில கட்டி வெச்சிருக்கோம், நடுவுல அந்த ரெண்டு எழுத்துதான் சுவரு. அந்தக் கடங்காரன் சுவரை இடிச்சிட்டு, "பக்கம் இப்ப நீட்டா இருக்கு"ன்னானாம்.*

* நீட்டா இருக்காம், நீட்டா!

4

ஸ்கூல்ல குடுத்த அந்தப் புக்கைப் பாத்து வாலு மாத்திரைய ஒளிக்க ஆரம்பிச்ச ஆறாம் நாள், கணக்கு வகுப்புல விழுந்துச்சு.

நான் அதை விரிவா எழுதப் பாத்தேன். "பெஞ்சு முனையில் அவள் நெற்றி

முடியல. எழுத மாட்டேன். புருவத்துல நாலு தையல், முன்பல்லு ஒண்ணு போச்சு. தையல்காரி கையில நூலோடயே ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. டாக்டரம்மா, "மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?"ன்னு கேட்டப்ப, "என் கையால குடுக்கறேன் டாக்டர், ஒரு வேளை தவறல"ன்னு சத்தியம் பண்ணா. அப்புறம் ஸ்கூல் பையத் தூக்கி வந்த டீச்சர்தான் பென்சில் டப்பாவத் திறந்து காட்டுனாங்க.

தையல்காரி ஒவ்வொரு பேப்பராப் பிரிச்சு எண்ணுனாளாம். பதினொண்ணு.

5

கத்திரிக்குப் போன் பண்ணேன். (எழுத்தாளர் பண்ணாரு. இருங்க, வரேன்.)

"அந்தக் கொழந்தைக்கு ஃபிட்ஸ் இருக்கும்னு நான் கனவா கண்டேன்?"ன்னான்.

"மூச்சு வாங்கறதுக்கு, காய்ச்சலுக்கு, சக்கரைக்கு… மருந்தே சாப்பிடாத கொழந்தை எந்த உலகத்துலய்யா இருக்கு?"

"டென்ஷன் ஆகாதீங்கம்மா. நாப்பதாயிரம் காப்பி ஸ்கூல்களுக்குப் போயாச்சு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் விழற புள்ளைங்கள நீ பிடிப்பியா? கீழ கைய விரிச்சுட்டு நிப்பியா?"

அப்புறம் மெதுவா சொன்னான், "கடைசிப் பக்கம் உங்களுக்கு அனுப்பிச்சேனே. நீங்க கட்டைவிரல் போட்டீங்களேம்மா."

ஆமா. "சார்" இல்ல, "அம்மா". கண்ணாடி போட்ட ஒல்லி ஆளெல்லாம் கிடையாது, அவனை நான் ஒளிஞ்சுக்கறதுக்கு நிக்க வெச்சேன். எழுதுனது நான். பதினோரு பக்கம் பாத்தேன், கேரட் எவ்ளோ அழகா சிரிக்குதுன்னு பூரிச்சுப் போனேன். பன்னெண்டாவத விரலால தள்ளிவிட்டுட்டு, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிட்டு, வெங்காயம் உரிக்கப் போயிட்டேன்.

என் மேல எனக்கு வர்ற கோவத்தை வெச்சுக்க இந்த வீட்ல இடமில்ல.

6

பேனா எடுத்துட்டு மாடி ஏறுனேன். வாலு கட்டில்ல உக்காந்திருந்துச்சு, புருவத்துல பிளாஸ்திரி. தையல்காரி உள்ளங்கையில மாத்திரை. காலைலேருந்து கெஞ்சிட்டிருக்கா.

"புக்குல போட்டது பொய்யா?"ன்னு வாலு என்னைக் கேட்டுச்சு. பல்லு போன ஓட்டை வழியா காத்து வந்துச்சு.

"பொய் இல்லடா. அரைகுறை. பெரிம்மா பாக்காம விட்டுட்டேன்."

"பாக்காம விட்டா டீச்சர் அடிப்பாங்க."

"அடி."

முழங்கைல பட்டுன்னு ஒண்ணு வெச்சுது. அப்புறம் நான் பன்னெண்டாம் பக்கத்தைத் திறந்து, "மருந்தை"க்கு முன்னாடி பேனாவால எழுதுனேன்: போதை.

வாலு எழுத்துக்கூட்டிப் படிச்சுச்சு. "போ… தை. போதைன்னா என்ன?"

கத்திரி பயந்த கேள்வி. நான் வாயத் திறந்தேன். "அது வந்துடா, சில கெட்ட

"சில பேரு

இத்தனை வருஷம் எழுதறேன், ஒரு வாக்கியம் வரல. தையல்காரிதான் கட்டில்ல வந்து உக்காந்தா. அந்த வீட்ல அவ கூடப்பொறந்தவனப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அவதான் சட்டம் போட்டிருந்தா.

"உங்க மாமா இருந்துச்சுல்ல. அம்மாவோட பழைய மிஷினத் தூக்கிட்டுப் போய் வித்துட்டு, திரும்பி வரவேயில்லல்ல. வேணும்னு பண்ணல அது. போதை பண்ண வெச்சுது. அதான் போதை." கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "உன் மாத்திரை எப்பவாச்சும் என் மிஷினத் தூக்கிட்டு ஓடுச்சா?"

வாலு மிஷினப் பாத்துச்சு. மாத்திரையப் பாத்துச்சு.

"அதுக்குக் காலே இல்லியேம்மா."

7

இப்ப முடிவு.

ஒண்ணு: வாலு மாத்திரைய முழுங்குது, நாங்க கை தட்டறோம். கத்திரிக்குப் பிடிச்ச முடிவு. நீட்டா இருக்கும்.

ரெண்டு: வாலு அதை ஜன்னல் வழியா

மாட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், சொல்லப் போறதில்ல. சொன்னா, "அப்பாடா, ஒரு பொண்ணு கதை முடிஞ்சுது"ன்னு எந்திரிச்சுப் போயிடுவீங்க. நாப்பதாயிரத்துல நாங்க திருத்துனது ஒண்ணு. மிச்சம் எங்க இருக்கு? உங்க வீட்ல தேடுங்க. பச்சை அட்டை, மேல பல்லக் காட்டிட்டு ஒரு கேரட். பன்னெண்டாம் பக்கம். "மருந்தை"க்கு முன்னாடி இடம் இருக்கு, ரெண்டு எழுத்து தாராளமா பிடிக்கும்.

எழுதறப்ப உங்க புள்ளையும் பக்கத்துல இருக்கணும். அது என்னான்னு கேக்கும். வெங்காயம் உரிக்கப் போயிடாதீங்க. இந்தக் கதையோட கடைசி வரி அங்கதான் இருக்கு, பாதி எழுதி வெச்சிருக்கேன், மீதிய நீங்க சொல்லுங்க:

"போதைன்னா, கண்ணு,