கிணற்றுக்குள் மூச்சு

பாகூர் ஏரிக்கரைக்கு அப்பால், ஊருக்குப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கில் கம்பெனிக்காரர்கள் இரும்புக் கோபுரம் நட்டு எரிவாயு தேடிய வருஷத்தில்தான் உலகநாதனுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. மழைக்கு முன்பே கோபுரத்தைக் கழற்றி லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிமெண்டு போட்டு அடைத்த குழாய் ஒன்றும், புல் முளைக்காத சாம்பல் நிறச் சேற்றுக் குட்டையும் மிஞ்சின. அதன் பிறகு, மேய்க்காலை ஒட்டியிருந்த உலகநாதன் வீட்டுக் கிணறு மூச்சு விடத் தொடங்கியது.

முதலில் பொடிக் குமிழிகள். பிறகு அடியாழத்தில் யாரோ வாயைத் திறந்தது போல ஒரு பெரிய குமிழி எழும்பி உடையும். காற்று அடங்கிய சாயங்காலங்களில் அந்தப் பெருமூச்சு சமையற்கட்டு வரை கேட்கும்.

அந்தக் கிணற்றில்தான் உலகநாதனின் முதல் மனைவி ஜெயா இறந்தாள். படியில் பாசி வழுக்கிக் குடத்தோடு விழுந்தவள். கரும்பு வண்டியோடு போயிருந்த உலகநாதன் ஓடி வந்து குதித்தபோது தண்ணீர் சலனமே இல்லாமல் கிடந்ததாம். ஒரு குமிழி கூட இல்லையாம். பிறகு கிணற்றைத் தகரம் போட்டு மூடிவிட்டார்கள். இதையெல்லாம் இரண்டாவதாக வந்த ஆதிலட்சுமிக்குச் சொன்னவள் மாமியார் சின்னப்பிள்ளை. கணவன் சொன்னதில்லை. அவன் அவளிடம் அதிகம் எதுவுமே சொன்னதில்லை. திட்டியதும் இல்லை. குனிந்து சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான்.

ஆனால் பொழுது சாயும்போது ஒரு தகரத்தை நகர்த்திவிட்டுக் கிணற்றோரம் உட்கார்ந்து பேசுவான். செவலைக் கன்று துள்ளியதை, டிராக்டர்காரன் ஏமாற்றியதை, முதுகு வலிப்பதை. குமிழி உடைந்தால், "ம், சொல்லு" என்பான். துணி எடுக்கப் போன ஆதிலட்சுமி கொடிக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஜெயா மேல் அவளுக்குப் பொறாமைகூட வரவில்லை. அந்தக் குரலில் தன்னிடம் ஒரு பொழுது பேசினால் போதும் என்றிருந்தது.

ஊர்ப் பெண்களுக்கு இது போதாதா? குழாயடியில் தையலம்மாள் கேட்டேவிட்டாள்.

"மொதப் பொண்டாட்டி மூச்சு விடற வூட்ல நீ எப்படிடி தூங்கறே?"

"உங்க வூட்டுக்காரர் கொறட்ட விடறப்போ நீங்க தூங்கல? அப்டித்தாங்க்கா."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆதிலட்சுமி கிணற்றைப் பார்த்த சமையற்கட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

சின்னப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பொட்டும் பூவுமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைத்து வீட்டுக்குள் வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். நீர்த்துறையில் பம்பை அடித்துக் கூப்பிட்டால் அவள் கலசத்தில் வந்து ஏறுவாள். பிறகு வீட்டுத் தெய்வம்.

"கெணத்துல கெடந்து ஏங்கறா, பாவம். உள்ள அழச்சிட்டா அடங்கிடுவா. உனுக்கும் ஒரு கொழந்தயக் குடுப்பா" என்றாள் மருமகளிடம். "ஆனா ஒண்ணுடி. அவ வரமாட்டேன்னுட்டா, பம்பக்காரர் சொல்றாரு, உன்ன இந்த வூட்ல வெச்சிக்கறது நல்லதில்லயாம்."

போவதானால் கிருமாம்பாக்கத்தில் அண்ணன் வீடு. அங்கே ஒரு ராத்திரி தங்கப் போனாலே அண்ணி பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

அந்த வாரத்தில்தான் பஷீர் அகமது வந்தான். சுல்தான்பேட்டைப் பையன், கெமிஸ்ட்ரி படித்தவன். கோபுரம் நின்ற இடத்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மாடுகளுக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் அனுப்பிய குழுவில் அவன்தான் இளையவன். மேய்க்காலில் குந்தி உட்கார்ந்து சேற்றை அள்ளிக் கொண்டிருந்தவனிடம் சின்னப்பிள்ளை கேட்டாள்:

"சேத்த பாட்டில்ல அடச்சி இன்னா தம்பி, ஊறுகா போடப் போறீங்களா?"

"உப்பு இருக்குதும்மா. காரந்தான் இல்ல" என்று சிரித்தான் அவன். "இங்கருந்து கிட்டத்துல இருக்கறது உங்க கெணறுதான். கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?"

சிரிப்பு நின்றது. "அதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான், வேலியோரம் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த உலகநாதன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சாக்கில் ஆதிலட்சுமி பஷீரிடம் போனாள். குமிழிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"வாசன வருதாக்கா?"

"இல்ல. சத்தந்தான்."

"சாண கேஸ் அடுப்பு பாத்திருப்பீங்க இல்ல? அந்த மாதிரிதான். பூமிக்கு அடியில இருந்தது, இவங்க துளை போட்டதுல வழி மாறி உங்க கெணத்துக்கு வந்துட்டாப்ல தெரியுது. புடிச்சிப் பாத்தாதான் உறுதியாச் சொல்ல முடியும். கம்பெனிக்காரங்க மேய்க்காலுக்கு ஒரு கெடுதியும் இல்லன்னு சாதிக்கறாங்க. உங்க வூட்டுக்காரர் மனசு வெச்சா..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக் கொண்டான். "அது போவட்டும். மேல மூடி வேற வெச்சிருக்கீங்க. உள்ள தேங்கி நிக்கும். அங்க ஒரு பீடி கூடப் பத்த வெக்க வேணாம்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். உலகநாதன் முதல் முறையாக அவளிடம் குரலை உயர்த்தினான்.

"வூட்டுக் கதய அவன்கிட்ட போய்ச் சொன்னியா? அவ மூச்ச பாட்டில்ல புடிக்கணுமாமா அவனுக்கு?"

வெள்ளிக்கிழமை பூவாடை அழைத்தார்கள். வெயில் தாழும் நேரம். கலசத்துக்கு மல்லிகைச் சரம் சுற்றி, பக்கத்தில் மஞ்சள் புடவை மடித்து வைத்திருந்தது. பம்பைக்காரர் சாமிநாதன் அடிக்க அடிக்கப் பெண்களுக்கு உடம்பு ஆடியது. "வாடியம்மா ஜெயா, வூட்டுக்கு வாடியம்மா" என்று அவர் குரல் கொடுத்தார். தகரங்களை விலக்கினார்கள். உள்ளேயிருந்து பெருமூச்சு எழுந்தது. கூட்டம் கைகூப்பியது.

வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, புருஷன்காரன் படியிறங்கித் தண்ணீரில் விட வேண்டும். உலகநாதன் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தான். ஆதிலட்சுமிக்கு அவன் முகம் தெரிந்தது. கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

தடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஜெயா வருகிற நேரத்தில் குறுக்கே நின்ற இளையவள் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். இன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். அவன் முதல் படியில் கால் வைத்தான். அவள் ஓடிப்போய் அவன் இடுப்புத் துண்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அடிப்பாவி, அவ வர்ற நேரத்துல!" என்று சின்னப்பிள்ளை அலறினாள்.

வாயால் சொல்லி இனி யாரும் நம்பப்போவதில்லை. ஆதிலட்சுமி தட்டைப் பிடுங்கி, எரிகிற வெற்றிலையைக் கிணற்றுக்குள் விட்டெறிந்தாள்.

தொம் என்று ஒரு சத்தம். வாய் விளிம்பு வரை நெருப்பு எழும்பித் தணிந்தது. பிறகு தண்ணீரின் மேல் நீலமாக, ஒரு பெண் கூந்தலை விரித்துப் படுத்திருப்பது போல அது அசைந்துகொண்டே எரிந்தது. பம்பை உருண்டு கிடந்தது. சாமிநாதன் வேலியைத் தாண்டியிருந்தார். உலகநாதனின் புருவம் கருகியிருந்தது. அவன் கிணற்றையே பார்த்தான்.

"எரிச்சிட்டியே" என்றான். கத்தவில்லை. "சுடுகாட்டுல நான் ஒருக்கா எரிச்சேன். நீ மறுக்கா எரிச்சிட்டியே அவள."

வீட்டுக்குள் போய் ஆதிலட்சுமி டிரங்குப் பெட்டியை எடுத்தாள். யாரும் போகச் சொல்வதற்கு முன் போய்விடுவது மேல் என்று பட்டது. சின்னப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றாள். அவளுடைய உள்ளங்கை சிவந்திருந்தது. கிணற்றுக் கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"கல்லு கொதிக்குது" என்றாள். "இன்னும் ரெண்டு படி எறங்கியிருந்தா எம்புள்ள..." உள்ளே வந்து பெட்டியின் மேல் கை வைத்தாள். "பொட்டிய உள்ள வையிடி. பம்பக்காரன் கெடக்கறான்."

நெருப்பு ராத்திரியே தானாக அவிந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் உலகநாதனே போய்ப் பஷீரை அழைத்து வந்தான். காற்றோட்டமான வேளை வரை காத்திருந்து பஷீர் கீழ்ப்படிக்கு இறங்கினான். பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக் குமிழிகளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தான். குமிழிகள் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. கடைசியில் பாட்டிலில் எதுவும் இல்லை போலிருந்தது. அடைத்து மெழுகு வைத்து, மேலே நின்றவனிடம் நீட்டினான். உலகநாதன் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"இதுல அவ இல்லியா சார்?"

பஷீர் படியேறி மேலே வந்தான். "இல்லண்ணே. இது மனுசங்க பொறக்கறதுக்கு முந்தியே கீழ இருந்தது."

"நான் குதிச்சப்போ ஒரு குமிழி கூட வரல சார். இப்பதான் வருதேன்னு நெனச்சேன்."

பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் அழுதான். பஷீர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெகு நேரம் கழித்து உலகநாதன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க கெணறுன்னே எழுதிக்கோங்க. மேய்க்கால் மாடுங்களுக்காவது உதவட்டும்."

அன்று சாயங்காலம் அவன் கிணற்றுப் பக்கம் போகவில்லை. கொல்லை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆதிலட்சுமிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இந்தப் புருவத்தோட நாளைக்கு எப்படி ஊருக்குள்ள போறது? தையலம்மா பாத்தா சிரிப்பா" என்றான். "உன் கையில சுட்டுதா? காட்டு."

அதே குரல். அவள் கையை நீட்டினாள். சூடு பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவியபடி அவன் பேசிக்கொண்டே போனான். சின்ன வயசில் தீபாவளிக்குத் தலைமுடியைக் கருக்கிக்கொண்டதை, அம்மா துரத்தியதை.

காற்று அடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த கிணற்றில் ஒரு பெரிய குமிழி எழும்பி உடைந்தது. உலகநாதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த கதைக்குப் போய்விட்டான்.

ஆதிலட்சுமி தலையை ஆட்டினாள். அவன் சொன்னதில் பாதி அவள் காதில் விழவில்லை. அது ஏன் தாமதிக்கிறது என்று புரியாமல், அவள் கிணற்றின் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.