ஊமையனின் அப்பா

அப்பாவின் பல்செட்டைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள் பெரியவள். இனி அதைக் கழுவி என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் இல்லை. பத்தொன்பது நாளாகச் செய்த வேலை, கை தானாகப் போய்விட்டது. நர்ஸ் வந்து இரண்டு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உடம்பைத் தர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றாள். பெரியவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

தம்பி வந்துகொண்டிருந்தான். வழக்கமாக அவன் 'வந்துகிட்டே இருக்கேன்' என்று போனில் சொன்னால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு மட்டும் நிஜமாகவே வந்துகொண்டிருந்தான்.

மேடையில் தம்பிக்குப் பேர் கரடி. ஒரு ஹிப்ஹாப் கோஷ்டியில் மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறவன். முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்று பாதிக் காதைத் தொலைத்த அப்பாவுக்கு, அந்தக் கத்தல் மீதிக் காதுக்கும் வந்த வினை. "இதுக்கு பாய்லரே தேவல" என்பார். அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷமாகிறது.

அந்தக் கரடிதான் கோஷ்டிக்குத் தெரியாமல் தனியாக ஒரு ஆல்பம் செய்திருந்தான். கரடி என்ற பேரில் இல்லை, ஊமையன் என்று வேறு பேரில். முகத்தில் சாக்குத்துணி முகமூடி. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாட்டு. ஆல்பம் வருகிற வெள்ளிக்கிழமை. மூன்று பாட்டை மட்டும் முன்கூட்டியே வெளியே விட்டிருந்தான். ஊமையன் யார் என்பது வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் மூச்சுக்கூட விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் பொழுது போகட்டும் என்று அப்பாவின் நல்ல காதில் இயர்போனை மாட்டிவிட்டாள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டு முடிந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு ஊமையனைப் போட்டது. அணைக்கப் போனவளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதுதான், அதிலும் மூன்றாவது பாட்டு. ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பிய மகனைக் கதவைச் சாத்தி மழையில் நிற்கவைத்த அப்பனைப் பற்றியது. கேட்டுக் கண் கலங்கிப்போவார்.

"பாவம்மா இந்தப் பையன். எப்பேர்ப்பட்ட அப்பனுக்கு வந்து பொறந்திருக்கான் பாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் போர்வையைச் சரிசெய்வாள்.

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் இன்று காலை வாயை விட்டுவிட்டாள். வராந்தா பெஞ்சில் படுத்துப் படுத்து இடுப்பு கழன்றிருந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டுக்காரனும் ஒரு பிள்ளைதான், ஒரு நாள் எட்டிப்பார்க்காத உன் தம்பியும் பிள்ளைதான் என்று அப்பா ஆரம்பித்தார். எங்கிருந்தோ அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன்தாம்பா இவன். நீங்க பெத்த பிள்ளைதான் பாடறான்."

கோபத்தில்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், ஒருவேளை சந்தோஷப்படுவாரோ என்று ஒரு நப்பாசையும் வந்துவிட்டது. அப்பா மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் மழையில நிக்க வெச்சனா?"

"ம்."

"எனக்கு ஞாபகமே இல்லியேம்மா."

பாட்டென்றால் நாலு கூட்டித்தான் சொல்வார்கள் என்று மழுப்பியிருக்கலாம். பொய் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"வெச்சீங்கப்பா. நான்தான் கதவைத் தொறந்தேன்."

அவர் பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். முழுவதும் கேட்டார். இந்தத் தடவை கண் கலங்கவில்லை. சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினொன்றரைக்கு நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தபோதும் அப்படியேதான் படுத்திருந்தார்.

தம்பி படியேறி மூச்சு வாங்க வந்து நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்தவன் கட்டிலின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரைக் கூட்டுகிற கரடியிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. அவள்தான் கையைப் பிடித்து எழுப்பி வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள்.

முதல் வாரமே வந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று இருந்துவிட்டேன் என்றான். நாலு நாளாகக் கண்ணை மூடவில்லையாம். ஆல்பத்தையே தூக்கிப் போட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தானாம். சட்டைப் பித்தானைத் திருகியபடி இருந்தவன், கடைசியில் அதைக் கேட்டேவிட்டான்.

"அக்கா, அந்த மூணாவது பாட்டு... அவர் காதுல விழலையே?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாள் தாடி, சிவந்த கண். அப்பாவை அனுப்பிவைத்தது தன் நாக்குதானோ என்ற பயத்தைக் காலையிலிருந்து அவள் சுமந்துகொண்டிருந்தாள். பாதியை இவனிடம் இறக்கிவைத்தால் தேவலைபோல்தான் இருந்தது.

"அவருக்கு எங்கடா காது கேட்டுச்சு" என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். கடைசி வரைக்கும் உன்னைத் திட்டிட்டுதான் இருந்தாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை. அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதான். அழுகை விசும்பலாகி, விசும்பல் குறட்டையானது. அவளுக்குத் தோள் மரத்துப்போனது. அசையவில்லை.

உடம்பு தயார் என்று நர்ஸ் கதவருகில் வந்து கூப்பிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று பெரியவள் கையைக் காட்டினாள்.