பெல்ட்டுக்கடியில் கிடந்த கடலை

1

இந்தக் கதை ஒரு கருத்தரங்கில் பிறந்தது. மேடையில் ஒருவர், "உணவுப் பாதுகாப்பு என்பது அரசும் தொழில்துறையும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு" என்றார். எல்லோரும் கைதட்டினோம். சேர்ந்து சுமப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பனி மூட்டத்தில் ஆலையின் புகைபோக்கி, ஒரு...' வேண்டாம். புகைபோக்கிக்கும் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நேராக உணவு ஆய்வாளரிடமே போய்விடுவோம்.

2

ஆய்வாளர் அன்று பிஸ்கட் ஆலைக்குப் போனது ஆய்வுக்கு அல்ல. முந்தின நாள் ஆய்வில் மறந்துவிட்டு வந்த குடையை எடுக்க. குடை இயந்திரத்துக்குக் கீழே கிடந்தது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெல்ட்டின் அடி இடுக்கில் அரை வேர்க்கடலை.

கடலை பிஸ்கட் ஓடும் அதே பெல்ட்டில்தான் கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கான பிஸ்கட்டும் ஓடும்.

"பெல்ட்டைக் கழுவினதுக்கப்புறம் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

ஆலையின் தர அதிகாரிக்கு வியர்த்தது. எப்போதும் மடிப்புக் கலையாமல் இருப்பதால் அவருக்குப் பட்டப்பெயர் 'பளிச்'. (முதல் வரைவில் அவரை வில்லனாக்கி மீசையும் வைத்திருந்தேன். மனிதர் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மீசையை எடுத்துவிட்டேன்.)

"இல்லீங்க மேடம். நேத்து நீங்க வந்தீங்களே, பார்த்திருப்பீங்கன்னு..."

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நான் நெனச்சேன்!"

நேற்று ஆய்வாளர் பார்த்தது பெல்ட்டை அல்ல, பளிச்சின் சட்டையை.

"நேத்து ஓடின சரக்கு எங்க?"

"பள்ளிக்கூட விழாவுக்குப் போயிடுச்சுங்க."

3

பள்ளியில் யாரும் போனை எடுக்கவில்லை. அரசு ஜீப் கிளம்பவில்லை. (பழைய நகைச்சுவைதான். என்ன செய்ய, கிளம்பவில்லை.) இருவரும் ஆலை வேனில் ஏறினார்கள். கதவு சாத்தவில்லை, பளிச் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டியது உங்க கம்பெனி."

"நீங்க உத்தரவு போடுங்க மேடம், எடுத்துடறோம்."

"உத்தரவு போட்டாத்தான் எடுப்பீங்களா?"

"போடாம எடுத்தா, யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு கேப்பீங்களே!"

4

அரங்கில் குழந்தைகள் மடியில் ஆளுக்கொரு பொட்டலம். வாசலில் இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள்.

"நீங்க சொல்லுங்க."

"நீங்க சொன்னாத்தான் மேடம் எடுபடும்."

முன்வரிசைச் சிறுமி பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள்.

"கீழே போடு கண்ணு!" என்று அலறிக்கொண்டே ஆய்வாளர் ஓடினார். அதே நேரம் பளிச் மேடைக்குத் தாவி மைக்கைப் பறித்தார். வயர் காலைச் சுற்ற, திரைச்சீலையோடு சேர்ந்து விழுந்தார். திரைக்குள்ளிருந்தே, "யாரும் தின்னாதீங்க! கடலை இருக்கு!" என்று கத்தினார். நாடகம் தொடங்கிவிட்டது என்று குழந்தைகள் கைதட்டினார்கள்.

ஒருவர் வாயிலும் போகவில்லை. கடைசிப் பொட்டலமும் கைக்கு வந்த பிறகுதான் ஆய்வாளர் பளிச்சைத் திரைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்.

5

அந்தச் சிறுமியின் அம்மா வந்தார். மகளுக்குக் கடலை ஆகாது. கைப்பையில் எப்போதும் ஊசிமருந்து வைத்திருப்பவர்.

"இதை யாரு பார்த்திருக்கணும்?"

"நாங்க ரெண்டு பேரும்." அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

"எங்க வீட்டுலயும் கேஸை மூடறது ரெண்டு பேர் பொறுப்புதான். தெனமும் தெறந்தே கெடக்கு. நாளைக்கு யாரு பார்ப்பீங்க?"

ஆய்வாளர் வாயைத் திறந்தார். பளிச்சும் திறந்தார்.

இருவரும் 'நான்' என்றதாக எழுதினேன், பிரசங்கமாகிவிட்டது. ஒருவரையொருவர் காட்டி 'அவர்' என்றதாக எழுதினேன், துணுக்காகிவிட்டது. அடித்துவிட்டேன். பதிலை நீங்களே அவர்கள் வாயில் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.